அரிசிக்கு முன்னால் ஒரு கோப்பை

786
தாகேதா, ரங்கூன்
8 நவம்பர் 2003

அன்பு மைமூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். நீயும் நம் மகள் நிலோஃபரும் உன் அண்ணன் வீட்டாரும் மாவ்பியில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

நான் இப்படி உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒரே வீட்டில் இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன், நீ கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் படி.

முதலில் கெட்ட செய்தி. ஷ்வேப்யிதாவில் எங்கள் கார்மெண்ட்டை செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். அமெரிக்காக்காரன் பர்மாத் துணியே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். வெட்டின சட்டைக் கைகளும் காலர்களும் மேஜைமேல் அப்படியே கிடக்க, எங்களை வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டினார்கள். பழைய இனாயத்துல்லாவாக இருந்தால் அன்றைக்கு எந்தச் சந்துக்குள் போயிருப்பான் என்று உனக்குத் தெரியும். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சோறு பொங்கிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்கே உனக்கு எழுத நினைத்தேன், வேலை போன வெட்கத்தில் தள்ளிப்போட்டேன்.

இப்போது பள்ளிவாசல் ஜமாஅத்தில், வேலை போன வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுக்கிறார்கள். ஜும்ஆ முடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டும். முதல் வாரம் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பார்த்தால் எனக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அதில் ஒரு புதுச் சட்டம் வருகிறது. வாங்குகிற அரிசியை விற்றுப் பவுடர் அடிக்கிறார்கள் என்று கமிட்டியில் பேச்சு. செயலாளர் முகைதீன் ஹாஜியார் சிங்கப்பூரிலிருந்து சோதனைப் பட்டைகள் வரவழைத்திருக்கிறார். பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, அரிசி வாங்குகிற எல்லாரும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். பட்டையை அதில் நனைப்பார்கள். இரண்டு கோடு விழுந்தால் சுத்தமான ஆள். ஒரே கோடு என்றால் பவுடர்காரன், அவன் வீட்டுக்கு அரிசி கிடையாது.

வரிசையில் பெரிய கொந்தளிப்பு. "சோத்துக்குக் கை நீட்டுனது பத்தாதா? இப்ப லோஞ்ஜியையும் தூக்கிக் காட்டணுமா?" என்று யாசர் கத்தினான். அவனையும் உனக்குத் தெரியும், என்னோடு அந்தச் சந்துக்கு வந்தவன்தான். எல்லாரும் முணுமுணுத்தபோது நான் ஒருத்தன் மட்டும் சந்தோஷப்பட்டேன் மைமூன்.

ஏன் தெரியுமா? உன் அண்ணன் பர்கத்துல்லா என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வாய்ச் சத்தியம் எல்லாம் வேணாம் மாப்ள. அத்தாட்சி கொண்டாங்க, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க." நான் அத்தாட்சிக்கு எங்கே போவேன்? இப்போது அதுவே பள்ளிவாசல் வாசலுக்கு வருகிறது. பவுடரை விட ஆஸ்பத்திரியில் பெயர் பதிவு செய்து, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்து எழுந்து வந்ததிலிருந்து நான் தொடவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத மாட்டேன். இரண்டு கோடு விழட்டும். அன்றைக்கே மாவ்பி பஸ்ஸில் ஏறுகிறேன்.

நிலோஃபருக்கு முத்தம். உன்னை நினைத்தபடி வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும்,
இனாயத்துல்லா

786
மாவ்பி
26 நவம்பர் 2003, பெருநாள்

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் வாழ்த்து. பக்கத்து வீட்டு நபீஸா தாகேதாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாள். அவள் செருப்பை மாட்டுவதற்குள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கில் ஆட்டுக் குருமா அனுப்பியிருக்கிறேன். உடைத்த தேங்காய் இரண்டும் அழுகல். பெருநாள் அன்று யார் கடை திறப்பார்கள்? அண்ணன் கடைக்கு லாஷியோவிலிருந்து வந்த புதுக் கசகசா வீட்டில் இருந்தது, தேங்காய்க்குப் பதிலாக அதையே இரண்டு மடங்கு அள்ளிப் போட்டு அரைத்துவிட்டேன். கெட்டியாக வந்திருக்கிறது. உங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும். இரண்டு வேளையும் கொதிக்க வைத்தால் வெள்ளிக்கிழமை வரை தாங்கும். ஒரேயடியாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சமைத்து அனுப்பினேன் என்பதால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பஸுண்டாங் பாலத்துப் பக்கம், வெற்றிலைக் கடைக்காரியிடம் பிள்ளையை உட்கார வைத்து "தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் தேடிக்கொண்டு ஓடியபோது இருட்டிவிட்டது. பெயர்கூடத் தெரியாத நம் பிள்ளையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு, கடையைக் கட்டாமல் அந்தப் பர்மாக்காரி காத்திருந்தாள். நான் அன்றைக்கு உங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்குமோ என்னவோ.

நிலோஃபர் வளர்ந்துவிட்டாள். பர்மாப் பேச்சுதான் வாயில் வருகிறது. "ஃபேஃபே எப்ப வருவார்" என்று கேட்கிறாள். "அத்தா என்று சொல்லு" என்றால் சொல்லிவிட்டு, மறுபடியும் ஃபேஃபேதான்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "சோதனையில சுத்தம்னு வரட்டும், அப்புறம் நான் குறுக்க நிக்கல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் இனிமேல் யார் முகத்தையும் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று ஆகிவிட்டது. பட்டையாவது சொல்லட்டும்.

நபீஸா கத்துகிறாள். தூக்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள், அது அண்ணியுடையது.

மைமூன்

786
தாகேதா
29 நவம்பர் 2003

அன்பு மைமூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தூக்கை நன்றாகத் தேய்த்து நபீஸாவிடம் கொடுத்திருக்கிறேன். குருமாவைப் பற்றி என்ன எழுத? முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய்க் காரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புதன் ராத்திரி சோற்றில் ஊற்றித் தின்றேன், வியாழன் முழுக்கத் தின்றேன், வெள்ளி காலையில் நான்பியா ரொட்டியால் தூக்கின் உள்பக்கத்தைத் துடைத்துத் தின்றேன். பின்வீட்டு ஹாஜரா பெரியம்மாவுக்கும் கொடுத்தேன். பெரியம்மாவுக்குப் பல் ஏது? கறியை என் தட்டிலேயே தள்ளிவிட்டு, கிண்ணம் நிறையக் குழம்பை மட்டும் வாங்கிக் குடித்தார். "ஒம் பொண்டாட்டி கைக்கு வளையல் போடணும்டா" என்றார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். எனக்கு ஒற்றைக் கோடு விழுந்துவிட்டது.

நான் தொடவில்லை மைமூன். எதன் மேல் சத்தியம் செய்தால் நீ நம்புவாயோ அதன் மேல் செய்கிறேன். நிலோஃபர் மேல் மட்டும் செய்ய மாட்டேன், அந்த உரிமையை நான் பாலத்துப் பக்கம் விட்டுவிட்டேன்.

சோதனை செய்தவர் ஜெரால்ட். ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிற கிறிஸ்தவத் தமிழர், நல்ல மனிதர். வரிசையில் நான்தான் முண்டியடித்து முன்னால் போய் நின்றேன். பட்டையை நனைத்து மேஜையில் வைத்தார். மேல் கோடு வந்தது. இரண்டாவது கோடு வருமிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. "பட்டை கெட்டுப் போச்சு சார்" என்றேன். உடனே இன்னொன்றை நனைத்தார். அதிலும் ஒன்றுதான். எங்கள் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை கேள். எனக்குப் பின்னால் இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஒற்றைக் கோடு. ஹாஜரா பெரியம்மா! மகன் வேலை தேடி மௌல்மேன் போயிருப்பதால் வீட்டுக்காக அவர்தான் வரிசையில் வருகிறார். "நான் என்னத்தடா அடிச்சேன்? தண்ணியும் வெத்தலையும்தான அடிச்சேன்" என்று கோப்பையைத் தூக்கி வீசப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

யாசர் வரவே இல்லை. அவன் மனைவி பையோடு வந்து நின்றாள், வீட்டு ஆம்பிளை சோதனைக்கு வராவிட்டால் அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முகைதீன் ஹாஜியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வார்டு ஆபீசுக்குச் சொல்லமாட்டேன், பயப்படாத. ஆனா இந்தப் பக்கம் வராத" என்றார். சொன்னால் ஜெயில்தான், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பதிவு செய்து வந்தவனுக்கு மறுபடி மன்னிப்பு கிடையாது. அவருக்கு நன்றி சொன்னேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கேவலத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் அண்ணன் காதுக்குச் செய்தி வருவதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம். எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

இனாயத்துல்லா

மாவ்பி
3 டிசம்பர் 2003

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கும் கடைக்கு வந்தவர்கள் மூலமாகத் தெரிந்துவிட்டது.

எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நிலோஃபருக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் கம்பளிச் சட்டை இங்கே கிடந்தது, கொடுத்து அனுப்புகிறேன், குளிர ஆரம்பித்துவிட்டது.

இப்போதைக்கு இங்கே வர வேண்டாம்.

மைமூன்

786
தாகேதா
13 டிசம்பர் 2003

அன்பு மைமூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கம்பளிச் சட்டை வந்தது. பொத்தான் தைத்து அனுப்பியிருக்கிறாய். கோபத்தோடு தைத்த பொத்தான் போலிருக்கிறது, இழுத்தாலும் வராது.

நீ வர வேண்டாம் என்று சொன்னதால் வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜெரால்ட் புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். ஹாஜரா பெரியம்மா அவரைத் தூங்க விடவில்லையாம். "அந்தக் கெழவிக்கு எப்படி சார் விழும்? ரெண்டு வாரமா மண்டையப் பிச்சுக்கறேன்" என்றார். பெரியம்மாவையும் உட்கார வைத்து, பெருநாளிலிருந்து என்னென்ன தின்றோம் என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். இருமல் மருந்து இல்லை, மாத்திரை இல்லை. பெரியம்மா வீட்டில் பருப்பும் கருவாடும், என் வீட்டில் உன் குருமா. இரண்டு வீட்டிலும் பொதுவாக இருந்தது உன் குழம்பு ஒன்றுதான். "அதுல என்ன போட்டு அரைப்பாங்க?" என்று கேட்டார். தேங்காய் அழுகிப்போனது, நீ கசகசாவை அள்ளிப் போட்டது எல்லாம் உன் பெருநாள் கடிதத்தில் இருந்ததே, சொன்னேன்.

மனிதர் நெற்றியில் அறைந்துகொண்டார். கசகசா எந்தச் செடியின் விதை மைமூன்? அபின் செடி, பவுடர் காய்ச்சுவதும் அதிலிருந்துதான். விதையில் போதை கிடையாது. ஆனால் காயின் பால் கொஞ்சம் விதையில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். சாதாரணமாகக் குருமாவுக்குப் போடுகிற அளவு போட்டால் ஒன்றும் தெரியாதாம். நீ போட்டது குருமாவுக்கா, கல்யாணத்துக்கா? அதையும் நான் வெள்ளி காலை வரை துடைத்துத் தின்றிருக்கிறேன். பட்டைக்கு என்ன தெரியும், அது அபினைப் பார்த்தால் அபின் என்கிறது.

ஜெரால்டுக்கு ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. தன் மனைவியை அதே மாதிரி அரைக்கச் சொல்லி, இரண்டு நாள் தானே தின்று, தன் சிறுநீரில் தானே பட்டையை நனைத்திருக்கிறார். ஒற்றைக் கோடு! இன்று காலையில் அந்தப் பட்டையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. எத்தனையோ பேர் கெடுக்கப் பார்த்தும் தப்பித்த என்னை, பெருநாளும் அதுவுமாக என் பெண்டாட்டியே அபின் ஊட்டி மாட்டிவிட்டிருக்கிறாள் என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். நீ வருத்தப்படாதே. அது உன் தப்பே இல்லை. அதைவிட ருசியான ஒன்றை இந்த வருஷம் நான் சாப்பிடவில்லை.

ஜெரால்டும் நானும் முகைதீன் ஹாஜியாரிடம் போனோம். ஹாஜியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உடனே பெரியம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, நிறுத்திய அரிசியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வேறு மாதிரி. "நீ மூணு நாள் கசகசா படாம இருந்துட்டு மறுபடி வா. திரும்பப் பாக்கலாம்" என்றார். ஜெரால்ட் விடவில்லை. "ஒரே குருமா, ஒரே கோடு. அவங்களுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார். ஹாஜியார் கெட்டவர் இல்லை மைமூன், அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். "பெரியம்மாவை நாப்பது வருசமா தெரியும். இவனையும் தெரியும். அதான் பிரச்சனை."

அவர் சொன்னது பொய் இல்லையே. ஆனால் ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். யாசர் தொட்டிருப்பான், தெரியும். அவன் பிள்ளைகள் இரண்டும் என்ன தொட்டன? அதுகளுக்கு ஏன் அரிசி இல்லை? ஹாஜியார் கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். முகம் கறுத்துப் போயிருந்தது.

எனக்கு இனி அந்த அரிசி வேண்டாம். ஒரு சைக்கா ரிக்‌ஷா கிடைத்திருக்கிறது, நாள் வாடகைக்கு மிதிக்கிறேன். தாகேதாச் சந்தைக்கும் பாலத்துக்கும் பெண்களையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிப் போகிறேன். முழங்கால் ராத்திரியில் அழுகிறது, பகலில் கேட்டபடி நடக்கிறது.

ஆகவே அரிசிக்காக நான் மறுபடி கோப்பையைப் பிடிக்கத் தேவை இல்லை. உண்மையைச் சொன்னால் பிடிக்கவும் மனசில்லை. அன்றைக்கு முதல் ஆளாக முண்டியடித்துப் போனவன் நான்தான், ஆனால் பெரியம்மா அந்தக் கோப்பையோடு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு என்னால் முடியாது. ஆனால் நீ கேட்டால் போவேன். உன் அண்ணன் கேட்டாலும் போவேன். வாராவாரம் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். நீயும் பிள்ளையும் வருவதற்கு அதுதான் வழி என்றால் எனக்கு மானம் பெரிசில்லை.

போகவா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

என்றும் உன்,
இனாயத்துல்லா

786
மாவ்பி
17 டிசம்பர் 2003

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நிலோஃபர் சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்று அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கசகசா இடம் வந்ததும் அண்ணன் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். பர்மாக்காரர்கள் ரவைக் கேக் மேலே தூவ அதைத்தான் வாங்கிப் போகிறார்கள், இத்தனை வருஷமாக நான் அபின் வியாபாரியா என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கையால் அரைத்து, என் கையால் தூக்கில் ஊற்றிக் கொடுத்தேனே என்று அப்புறம் தனியாகப் போய் அழுதேன்.

ஆனால் பெரியம்மாவுக்கு மன்னிப்பு, உங்களுக்கு மறுசோதனை என்ற இடத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இது என்ன அநியாயம்? ஒரே சட்டியில சாப்பிட்டவங்க, ஒருத்தருக்கு அரிசி, ஒருத்தருக்குக் கோப்பையா?" என்று அண்ணனிடம் கத்தினேன். ஹாஜியாரை என்னென்னவோ சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அண்ணன் என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உங்களுக்கும் ஒற்றைக் கோடு, பெரியம்மாவுக்கும் ஒற்றைக் கோடு என்று ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதைப் படித்தபோது, பெரியம்மாவுக்குப் பட்டை தப்பாகக் காட்டியிருக்கிறது என்று உடனே நினைத்தேன். உங்களுக்குச் சரியாகக் காட்டியிருக்கிறது என்றும் நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஹாஜியார் பள்ளிவாசலில் செய்ததை நான் அதற்கு முன்னாலேயே இங்கே அடுப்படியில் உட்கார்ந்து செய்துவிட்டேன். "வர வேண்டாம்" என்றும் எழுதினேன்.

இதை மறைத்துவிட்டு வரலாம். முதலிலிருந்தே நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் நீங்கள் எனக்குக் கெட்டதை எல்லாம் முந்திக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நம்பவில்லை மச்சான். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் இன்னும் மறுசோதனை நடக்கட்டும் என்றுதான் சொல்கிறார். "இந்தத் தடவ கசகசா. சரி. அடுத்த தடவ?" என்றார். அவர் கேட்பதும் தங்கச்சி மேல் உள்ள பாசத்தில்தான். "அடுத்த தடவ நான் கேட்டுக்கறேன். எம் புருசன் எங்கிட்ட சொல்லுவாரு" என்றேன். நான் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவருக்கு ஆச்சரியம், எனக்கு அதைவிட ஆச்சரியம்.

கோப்பையைப் பிடிக்கப் போக வேண்டாம். அரிசிக்காகவும் வேண்டாம், அண்ணனுக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் நிலோஃபரும் வருகிறோம்.

பயம் போகவில்லை. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சைக்கா மிதித்துவிட்டு வர ஒரு மணி நேரம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன், வந்ததும் உங்கள் கண்ணைப் பார்ப்பேன். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுங்கள். இனி ஒருநாளும் தொட மாட்டேன் என்ற வாக்கு வேண்டாம், அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது புரிகிறது. என்றைக்காவது மனசு அந்தச் சந்துப் பக்கம் இழுத்தால், போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் கத்துவேன். பாத்திரத்தைக் கூடப் போட்டு உடைப்பேன். ஆனால் எங்கேயும் போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள்
மைமூன்